முதல் ஆளின் ரத்தம்

"நீதானே அந்தக் கணக்கப் போட்டவ? தங்கச்சிய நல்லாத்தான் காப்பாத்திட்ட."

அண்ணி இதை ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்து, நாலு பேர் காதில் விழட்டும் என்றே சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாயைத் திறந்தால் நானும் நாலு பேர் காதில் விழுகிற மாதிரிதான் பேசுவேன் என்பதால் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அண்ணனுக்கு இரண்டு கிட்னியும் போய் ஒன்றரை வருடம் ஆகிறது. வாரத்தில் மூன்று நாள், நாளுக்கு நாலு மணி நேரம், மிஷின்தான் அவன் ரத்தத்தைச் சுத்தம் செய்கிறது. அண்ணியின் ரத்தப் பிரிவு சேரவில்லை. எனக்கு ஆறு வருடமாகச் சர்க்கரை வியாதி, என்னை வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டார்கள். மிச்சம் இருந்தது எங்கள் கடைசித் தங்கை. வீட்டில் அவள் பெயர் குட்டி. முப்பத்திரண்டு வயதாகியும் குட்டிதான். அவளுக்கு எல்லாம் பொருந்தியது, ஒரே ஒரு எண்ணைத் தவிர.

அந்த எண்ணைப் பெற்றுப் போட்டவர்களில் நான் ஒருத்தி. அதே ஆஸ்பத்திரியின் மேல்மாடியில், புள்ளிவிவரப் பிரிவில் எனக்கு வேலை. ரத்தத்தில் சர்க்கரை, கொழுப்பு, அமிலம் என்று உடம்பு தினமும் எரித்துத் தள்ளுகிற இருநூறு சொச்சம் பொருள்கள் இருக்கின்றன. அவற்றை அளந்து, கிட்னி கொடுக்க வருபவருக்கு மிச்சமிருக்கும் கிட்னி பத்து வருடத்தில் கெடுமா என்று முன்கூட்டியே சொல்லும் ஒரு மாடலை நாங்கள் கட்டினோம். நூற்றுக்கு இத்தனை என்று ஸ்கோர் வரும். ஐம்பதைத் தாண்டினால் கிட்னி கொடுக்க விடமாட்டார்கள். குட்டிக்கு மூன்று முறை பார்த்தார்கள். எழுபத்தொன்று. அறுபத்தெட்டு. எழுபத்துநாலு.

குட்டி ஒரு தலைவலி மாத்திரை விழுங்கி நான் பார்த்ததில்லை. மூன்று மாடி ஏறினால் எனக்கு மூச்சு வாங்கும், அவள் பாட்டு முணுமுணுப்பாள். அண்ணி சந்தேகப்பட்டதில் தப்பே இல்லை. அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் இன்னும் கேவலமாகத்தான் கேட்டிருப்பேன்.

என் கூட வேலை செய்கிறவர்கள் முதுகுக்குப் பின்னால் என்னை 'சிஐடி' என்பார்கள். எனக்குத் தெரியாது என்று நினைப்பு. எந்த எண்ணையும் முதல் பார்வையில் நான் நம்பியதில்லை, அந்த ஸ்கோரையும் சேர்த்துத்தான். எங்கள் மாடல் நூற்றுக்குத் தொண்ணூற்று நாலு தடவை சரியாகச் சொன்னது என்று முடிவு வந்த அன்றைக்கே எனக்கு நெருடியது. மனுஷ உடம்பு அவ்வளவு சமர்த்தாகக் கணக்குக்குள் அடங்காது. கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்கிறவருக்குப் புத்தி வேண்டாமா? ஆனால் புரொபசர் கை தட்டினார், டாக்டர்கள் தட்டினார்கள், நானும் தட்டினேன்.

அன்றைக்கு மாலை குட்டியின் மூன்று ரிப்போர்ட்டையும் மேஜைமேல் பரப்பினேன். எங்கள் மாடலுக்குப் புரோகிராம் எழுதிய பையன் பக்கத்தில் வந்து நின்றான். ஆறடி மூன்றங்குலம், ஆகவே நெட்டையன்.

"அக்கா, இதுல என்ன தேடறீங்க?"

"பொய்ய."

"ரத்தம் பொய் சொல்லுமா?"

"ரத்தம் சொல்லாது. சுத்தி இருக்கறவங்க சொல்லுவாங்க."

சர்க்கரை ஐம்பத்தாறு என்று இருந்தது. ஐம்பத்தாறில் கை நடுங்கும், வேர்த்துக் கொட்டும். குட்டியோ அன்று ரத்தம் கொடுத்துவிட்டு நேராகப் பஸ் பிடித்து வேலைக்குப் போனவள். அதற்குப் பக்கத்திலேயே லாக்டிக் அமிலம் எக்கச்சக்கமாக இருந்தது, ஏதோ ஓட்டப் பந்தயம் ஓடிவிட்டு வந்த மாதிரி. ஒரு ரிப்போர்ட் என்றால் தற்செயல் என்று விட்டிருப்பேன். மூன்றிலும் அதே ஜோடி, ஒன்று தரையில், இன்னொன்று கூரையில்.

இந்த ஜோடியை எனக்குத் தெரியும். உடம்பைவிட்டு வெளியே வந்த சேதி ரத்தத்துக்குத் தெரியாது. கண்ணாடிக் குழாய்க்குள்ளும் அதன் அணுக்கள் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும், அமிலத்தைக் கக்கிக்கொண்டே இருக்கும். மிஷினில் போட்டுச் சுழற்றி, தெளிந்த நீரைத் தனியாகப் பிரிக்கிற வரைக்கும் அந்தச் சாப்பாடு நிற்காது. அப்படியானால் குட்டியின் ரத்தம் எங்கேயோ வெகுநேரம் சும்மா கிடந்திருக்கிறது.

"இருக்காதுக்கா," என்றான் நெட்டையன். "எடுத்த நேரம், சுழற்றின நேரம் ரெண்டும் பதிவாயிருக்கு. பாருங்க, பதினஞ்சு நிமிஷம்தான்."

"மத்தவங்களுக்கு?"

அவன் தட்டிப் பார்த்தான். பதினைந்து. அடுத்தவருக்கும் பதினைந்து. மாடலைக் கட்டப் பயன்படுத்திய இரண்டாயிரத்து முந்நூறு பேரையும் வரிசையாக ஓடவிட்டோம். ஒருவர் பாக்கியில்லாமல் அத்தனை பேருக்கும் பதினைந்து நிமிடம்.

பதினாலு இல்லை, பதினேழு இல்லை. குழாய் உடைந்த நாள் இல்லை, லிப்ட் நின்ற நாள் இல்லை, ஆள் வராத நாள் இல்லை. எந்த ஊரில் நடக்கும் இந்த அதிசயம்? இத்தனை ஒழுங்காக ஒரு பதிவு இருந்தால் யாரோ உட்கார்ந்து எழுதியிருக்கிறார் என்று அர்த்தம்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு முன்பே தரைத்தளத்து லேபுக்குப் போய்விட்டேன். லேப்காரர் நல்ல மனுஷர், காதில் பேனா செருகியபடி ஒற்றை ஆளாக அந்த இடத்தை ஓட்டுகிறவர். என்னைப் பார்த்ததும் முகம் மாறியது. சுழற்றும் மிஷினின் மூடி திறந்திருந்தது. உள்ளே இருபத்து நாலு துளைகள், ஐந்தாறில்தான் குழாய் நின்றது.

"இது எப்ப எடுத்த ரத்தம்?" என்றேன்.

"அந்த மூணும் வார்டுலேர்ந்து வந்தது மேடம். அங்க அஞ்சு மணிக்கே எடுத்துடுவாங்க. மத்தது இப்ப வந்தது."

"இன்னும் ஏன் சுழற்றல?"

"இருபத்தி நாலு நிரம்பட்டும்னுதான். ஒரு ஓட்டம் ஓடி, பிரிச்சு, லேபிள் ஒட்டி, ஃப்ரீசர்ல வைக்க ஒரு மணி நேரம் ஆகுது. மூணு மூணா ஓட்டினா நான் எப்ப வீட்டுக்குப் போறது? பத்து மணி வாக்குல கூட்டம் வரும், மளமளன்னு நிரம்பிடும்."

"ஆனா பதிவுல பதினஞ்சு நிமிஷம்னு இருக்கே?"

அவர் காதிலிருந்த பேனாவை எடுத்தார், மறுபடி செருகினார். "கோவிச்சுக்காதீங்க மேடம். முதல் நாள் நான் உள்ள நேரத்தத்தான் போட்டேன். முப்பதுக்கு மேல போனா உங்க கம்ப்யூட்டர் சிவப்பா கத்துது, என்ட்ரிய வாங்க மாட்டேங்குது. ரத்தம் வீணாப் போகுதேன்னு அன்னைக்கே பதினஞ்சு போட்டுப் பார்த்தேன். பேசாம வாங்கிக்கிச்சு. அன்னையிலேர்ந்து பதினஞ்சுதான்."

அந்தச் சிவப்பு என்னுடையது. பதிமூன்று வருடத்துக்கு முன்னால், இந்த லேப்காரர் குழாயைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவாரோ என்று சந்தேகப்பட்டு, முப்பது நிமிடத்துக்கு மேல் தாமதமான ரத்தத்தைச் சேர்க்காதே என்று கட்டளை எழுதியவள் நான்தான். தாமதத்தைத் தடுக்கிறேன் பேர்வழி என்று தாமதம் கண்ணிலேயே படாதபடி செய்துவைத்திருக்கிறேன். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதைச் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்திருக்கிறேன்.

மாடலைக் கட்டிய காலத்திலும் இதே கதைதான். பின்னால் கிட்னி கெட்டுப் போனவர்களில் பெரும்பாலானோர் வார்டிலிருந்து வந்தவர்கள். அவர்கள் ரத்தம் விடிகாலை ஐந்து மணியிலிருந்து தவம் கிடந்தது. கெடாமல் இருந்தவர்கள் பத்து மணிக்குச் சாவகாசமாக வந்து கை நீட்டிய ஆபீஸ்காரர்கள், மாணவர்கள். அவர்கள் ரத்தம் உடனே சுழன்றது. மாடல் நோயைக் கற்கவே இல்லை. யார் ரத்தம் காத்துக் கிடந்தது என்பதைக் கற்றுக்கொண்டு, அதற்கு நோய் என்று பெயர் சூட்டியிருக்கிறது.

அன்றைக்கே நெட்டையனை இழுத்துவந்து ஒரே கையிலிருந்து நாலு குழாய் எடுத்தோம். முதல் குழாயை உடனே சுழற்றினோம், இருபத்தொன்று. ஒரு மணி நேரம் விட்டதில் முப்பத்தேழு. இரண்டு மணி நேரத்தில் ஐம்பத்தைந்து. மூன்று மணி நேரம் கிடந்த குழாய் எழுபத்திரண்டு காட்டியது.

"காலையில நல்லாத்தானேக்கா இருந்தேன்?" என்றான் பாவம், பஞ்சைக் கையில் அழுத்தியபடி.

லேப்காரரிடம் குட்டியைப் பற்றிக் கேட்டேன்.

"கண்ணாடிக் கடையில வேலை பாக்கற பொண்ணுதானே? மூணு தடவையும் அதுதான் முதல் ஆள். நான் கதவு திறக்கறதுக்கு முன்னாடியே வந்து நிக்கும். ஏம்மா, பத்து மணிக்கு மேல வந்தா நல்லதுன்னு நானே சொன்னேன். கேக்கல."

"பத்து மணிக்கு வந்தா நல்லதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"வெளிய பெஞ்சுல உக்கார்ற எல்லாருக்கும் தெரியும் மேடம். சீக்கிரம் வந்தா ஃபெயில், லேட்டா வந்தா பாஸ். ராசின்னு பேசிக்குவாங்க."

இரண்டாயிரத்து முந்நூறு பேர் விவரமும் மூன்று கம்ப்யூட்டரும் வைத்துக்கொண்டு எங்களுக்குத் தெரியாதது பெஞ்சுக்குத் தெரிந்திருக்கிறது. வெட்கமாக இருந்தது. ஆனால் வெட்கத்தைவிடச் சந்தோஷம் பெரிதாக இருந்தது. குட்டிக்கு ஒன்றுமில்லை! அண்ணன் பிழைத்துவிடுவான்! அண்ணி என்னைப் பார்த்துச் சொன்ன வார்த்தையை அண்ணியே விழுங்க வேண்டும்!

புரொபசரிடம் சொன்னேன். அவர் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்து, "எத்தனை பேர திருப்பி அனுப்பியிருக்கோம்?" என்றார். நாற்பத்து மூன்று பேர். அதைவிடப் பயங்கரமாகக் கிட்னி டாக்டர் அம்மா கேட்டார், "பத்து மணிக்கு வந்ததாலயே பாஸ் ஆனவங்க எத்தனை பேர் கொடுத்துட்டாங்க?" முப்பத்தொன்று. எல்லோரையும் கூப்பிட்டு மறுபடி பார்க்க வேண்டும் என்று முடிவானது. ஸ்கோரை அன்றே நிறுத்தினார்கள். குட்டியை வியாழக்கிழமை பத்து மணிக்குக் கூட்டிவரச் சொன்னார் டாக்டர் அம்மா.

சேதி சொல்லக் கண்ணாடிக் கடைக்கு ஓடினேன். குட்டி பின்னறையில், கடுகு அளவு திருகாணி ஒன்றை மூக்குக் கண்ணாடிச் சட்டத்தில் பொருத்திக்கொண்டிருந்தாள். நான் மூச்சு வாங்க எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் நிமிரவில்லை. திருகாணி கையிலிருந்து நழுவி எங்கோ விழுந்தது.

"யார்கிட்டயாவது சொல்லிட்டியா?"

"எல்லார்கிட்டயும் சொல்லியாச்சு. ஸ்கோரையே நிறுத்திட்டாங்க."

"உன்ன யாருக்கா கண்டுபிடிக்கச் சொன்னா?"

எனக்கு ஒரு கணம் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. பெஞ்சில் இருந்த எல்லோருக்கும் தெரிந்தது இவளுக்கு மட்டும் எப்படித் தெரியாமல் போகும்? ஒரு தடவை இல்லை, மூன்று தடவை, கதவு திறப்பதற்கு முன்னால் போய் நின்றிருக்கிறாள். நான் லேப்காரரைச் சந்தேகப்பட்டேன், கம்ப்யூட்டரைச் சந்தேகப்பட்டேன், அண்ணி என்னைச் சந்தேகப்பட்டார். இவளை யாரும் கணக்கிலேயே எடுக்கவில்லை.

"வேணும்னேதான் போனியா?"

"முதல் தடவை தெரியாது. பஸ்ஸுக்கு வசதியா இருந்துச்சு, போனேன். எழுபத்தொண்ணுன்னு வந்ததும் அண்ணி அழுதாங்க, நானும் அழுதேன். ஆனா எனக்குள்ள ஏதோ பாரத்த எறக்கி வெச்ச மாதிரி இருந்துச்சுக்கா. அடுத்த தடவை பெஞ்சுல பேசிக்கிட்டாங்க. அப்புறம் தெரிஞ்சேதான் போனேன்."

"குட்டி, அது நம்ம அண்ணன்டி!"

"எனக்குத் தெரியாதா?" இப்போதுதான் நிமிர்ந்தாள். கண் சிவந்திருந்தது. "பொருந்துதுன்னு டாக்டர் சொன்னாங்க. அண்ணி என்னக் கட்டிப் பிடிச்சுக்கிட்டாங்க. நீ ஆபரேஷன் தேதி கேட்ட. ஒருத்தர், ஒரே ஒருத்தர், 'உனக்குச் சம்மதமா'ன்னு கேட்டீங்களா? எனக்குப் பயமா இருக்குக்கா. ராத்திரி வயித்துல கை வெச்சுக்கிட்டுத்தான் தூங்கறேன். கொடுக்க மாட்டேன்னு என் வாயால சொன்னா நான் மனுஷியே இல்லைன்னு ஆயிடும். உன் கம்ப்யூட்டர் எனக்குப் பதிலா சொல்லிச்சு. அதையும் கெடுத்துட்டே."

நான் ஏதோ நியாயம் சொல்ல வாயெடுத்தேன்.

"உனக்குச் சுகர். உன்ன யாரும் கேக்கப் போறதில்ல," என்றாள் குட்டி. "அதனாலதான் உனக்கு உண்மை மேல இவ்வளவு ஆசை."

கன்னத்தில் அறைந்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. கோபம் வந்தது. சர்க்கரை என்று என்னை வாசலோடு திருப்பி அனுப்பிய நாளில் நான் வருத்தப்பட்டேனா, நிம்மதிப்பட்டேனா என்று அந்தப் பின்னறையில் நின்று யோசித்துப் பார்த்தேன். பதில் அவ்வளவு நன்றாக இல்லை. இரண்டு பேருமாகக் குனிந்து அந்தத் திருகாணியைத் தேடினோம். கிடைக்கவில்லை.

அன்று சாயங்காலமே டாக்டர் அம்மாவைப் பார்த்து, "குட்டியக் கொஞ்சம் தனியாக் கேளுங்க" என்று மட்டும் சொன்னேன். அவர் என்னைக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"அது நான் முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. முன்னெல்லாம் கேட்டுட்டுத்தான் மத்த டெஸ்ட். உங்க ஸ்கோர் வந்ததும், அதுல பாஸ் ஆனா அப்புறம் கேட்டுக்கலாம்னு விட்டுட்டோம்."

வியாழக்கிழமை பத்து மணிக்குக் குட்டியின் ரத்தத்தை எடுத்து, மிஷினில் அந்த ஒரு குழாயோடு, எடை சமமாக இருக்க எதிரில் தண்ணீர் ஊற்றிய இன்னொரு குழாயை வைத்து உடனே சுழற்றினார்கள். பழைய மாடல் சும்மா ஒரு பேச்சுக்குப் பத்தொன்பது என்றது. சிறுநீர், ஸ்கேன் எல்லாமும் நன்றாகவே இருந்தன. பிறகு குட்டி தனியாக உள்ளே போனாள். கதவு கால் மணி நேரம் சாத்தியிருந்தது. வெளியே வந்தவள் என்னைப் பார்க்காமல் படியிறங்கிப் போய்விட்டாள். டாக்டர் அம்மா எழுதிக் கொடுத்த தாளில் 'தானம் செய்யத் தகுதியில்லை' என்று ஒரே வரி இருந்தது.

"காரணம் யாருக்கும் சொல்ல மாட்டோம்," என்றார். "உங்களுக்கும் சேர்த்துத்தான்."

அண்ணி அந்தத் தாளை இரண்டு தடவை படித்தார். ஒன்றரை வருடமாக மிஷின் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து தேய்ந்துபோன மனுஷி. "கணக்கே தப்புன்னாங்க. ஸ்கோர நிறுத்தியாச்சுன்னாங்க. அப்புறமும் எப்படி இல்லைன்னு வரும்? யார் போய் என்ன சொன்னது?" என்று என் முகத்தையே பார்த்தார். சொல்லலாம். குட்டியின் பெயரை ஒரே ஒரு வாக்கியத்தில் சொல்லிவிடலாம். நாக்கு நுனி வரை வந்தது. நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"தெரியும். நீதான்," என்று சொல்லிவிட்டு அண்ணி மருந்துக் கடைப் பக்கம் நடந்தார்.

உள்ளே அண்ணன் மிஷினில் இருந்தான். கையிலிருந்து போகும் குழாயும் திரும்பி வரும் குழாயும் சிவப்பாக ஓடிக்கொண்டிருந்தன. ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

"குட்டி கொடுக்க மாட்டா, இல்ல?" என்றான்.

"டாக்டர் தகுதியில்லைன்னு…"

"டாக்டர விடு. பொருந்துதுன்னு சொன்ன அன்னைக்கு எல்லாரும் என் மூஞ்சியப் பாத்தீங்க. நான் அவ மூஞ்சியப் பாத்தேன்."

"அன்னைக்கே தெரியுமா? அப்புறம் ஏன்ணே நீயே வேண்டாம்னு சொல்லல? நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவ இப்படி…"

அண்ணன் பார்வையை மேலே மின்விசிறிப் பக்கம் திருப்பினான்.

"உயிர் மேல ஆசைதான்," என்றான். "வாயத் திறந்து கேட்டா இல்லைன்னுடுவாளோன்னு பயம். கேக்காமலே இருந்தா எப்படியாவது கொண்டாந்து படுக்க வெச்சுடுவீங்கன்னு இருந்தேன்."

அவன் அழுதான். நான் துடைத்துவிட்டேன், ஒரு கையை அசைக்கக் கூடாது அவன். எனக்கும் வந்தது. அதைத் துடைக்க ஆள் இல்லை.

"அவகிட்ட இத நீ சொல்லாத. நானே சொல்லணும். ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வரச் சொல்லு," என்றான். பிறகு, "உங்க அண்ணி உன்னத்தான் சந்தேகப்படறா."

"தெரியும்."

"குட்டி மேல போகாம இருக்கட்டும். உனக்குத் தாங்கும்ல?"

கதவுக்கு வெளியே அண்ணியின் செருப்புச் சத்தம் கேட்டது. தாங்கும் என்று சொல்லிவிட்டு, அவர் உட்காருவதற்காக ஸ்டூலிலிருந்து எழுந்துகொண்டேன்.